துடிப்பு கேட்டது, அதனால் சும்மா இருந்துவிட்டேன்

பாப்பாவுக்கு இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது. குப்புற விழுந்து, வயிற்றால் நகர்ந்து, கைக்கு எட்டுகிற சார்ஜர் ஒயரை எல்லாம் வாயில் வைக்கிறாள். அவள் தூங்குகிற நேரமாகப் பார்த்து விட்டுவிட்டு எழுதுவதால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் தூக்கம், விழிப்பு, விளையாட்டு, சோம்பல் என்று ஒரு நாள்முறை உண்டு என்பதும், அது மாறினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்கு முன்பே ஒழுங்காகத் தெரிந்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு முதல் சனிக்கிழமை இரவு வரை 26 மணி நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். அந்த 26 மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த எழுத்து. பணம் போன கதையும் வரும்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வீட்டுக்காரர் பஹ்ரைனில். மாமனார் மாமியார் தாராபுரம் பக்கம் தோட்டத்தில், மாடு கன்றை விட்டுவிட்டு வர முடியாது. என் அம்மாவுக்கு அந்த வருடம்தான் முழங்கால் ஆபரேஷன். ஆக மாடி வீட்டில் நான் மட்டும், கீழே ஹவுஸ் ஓனர் அக்கா. தனியாக இருக்கும் கர்ப்பிணிக்கு ராத்திரி ஒரு மணிக்கு யார் துணை என்று நினைக்கிறீர்கள்? போன்தான். நானும் அதில் கிடந்தேன், அதிலிருந்துதான் முக்கால்வாசி செலவும் ஆரம்பித்தது.

முதல் அசைவு எனக்கு 20 வாரம் தாண்டியும் தெரியவில்லை. என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு 17 வாரத்திலேயே தெரிந்ததாம், ரெண்டாவது பிள்ளை அவளுக்கு. நான் தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் விஷயம் தெரிந்தது, நஞ்சு (பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கிற பிளசெண்டா) கருப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பிள்ளைக்கும் என் வயிற்றுத் தோலுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்த மாதிரி, உதைத்தாலும் மெதுவாகத்தான் தெரியும் என்றார்கள். உள்ளே அவள் எப்போதோ ஆட ஆரம்பித்துவிட்டாள், எனக்குச் சேதி வந்து சேரத்தான் நேரமாகியிருக்கிறது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: நெதர்லாந்தில் குரோனிங்கன் ஊரில் ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவரின் குழு அல்ட்ராசவுண்டில் மணிக்கணக்காகப் பார்த்து 1982இல் எழுதியிருக்கிறார்கள். ஏழு எட்டு வாரத்திலேயே லேசான நெளிவு, ஒன்பது வாரத்தில் விக்கல், பத்து வாக்கில் கை முகத்துக்குப் போவது, மூச்சு விடுவது போல நெஞ்சு ஏறி இறங்குவது, அப்புறம் கொட்டாவி, பனிக்குட நீரை விழுங்குவது. நாம் மசக்கையில் சோற்று வாசனைக்கு ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் உள்ளே ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல், வெளியிலிருந்து எதுவும் தூண்டாமல், நரம்பு வளர வளரத் தானாக வருகிற அசைவுகள் அவை. முதல் பிரசவத்தில் 20 வாரம் வரை தெரியாமல் இருப்பது சாதாரணம், நஞ்சு முன்பக்கம் இருந்தால் இன்னும் தள்ளும். 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் மட்டும் டாக்டரைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டு என்னைப் போல அழாதீர்கள்.

ஆறாம் மாதத்தில் அந்த வகுப்பு. கருவிலேயே பிள்ளைக்குப் பண்பு, அறிவு எல்லாம் ஊட்டுகிற ஆன்லைன் வகுப்பு, மூன்று மாதத்துக்கு ரூ.14,500. விளம்பரத்தில் அபிமன்யு கதைதான். கண்ணன் சுபத்திரையிடம் சக்கர வியூகம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை வயிற்றில் இருந்த பிள்ளை கேட்டது, அவள் தூங்கிப்போனதால் வெளியே வரும் வழி மட்டும் தெரியாமல் போனது. எங்கள் பக்கம் இந்தக் கதை தெரியாத பாட்டி கிடையாது. நாமும் தூங்கிவிட்டால் பிள்ளை பாதியில் நின்றுவிடுமோ என்று பயம் வந்தது பாருங்கள், அதற்குத்தான் பணம் கட்டினேன். வகுப்பில் காலையில் வீணை, மாலையில் கணக்கு அட்டைகளை வயிற்றுக்கு நேரே காட்டுவது, டார்ச் அடிப்பது, கோபப்பட்டால் பிள்ளையும் கோபக்காரியாகப் பிறப்பாள் என்ற எச்சரிக்கை. என் வேலையில் கோபப்படாமல் ஒரு நாள் ஓட்ட முடியுமா? டையிங் யூனிட்காரர் ஷேட் மாற்றி அனுப்பியிருப்பார், பையர் வீடியோ காலில் கத்துவார், நான் கத்துவேன், உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்பேன். அதோடு வயிற்றில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்று, ரூ.2,300.

இதில் உண்மை இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 25 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் பிள்ளை சத்தத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கிறது, திடுக்கிடுகிறது, இதயத்துடிப்பு மாறுகிறது. நம் குரல் உடம்பு வழியாகவே உள்ளே போவதால் வெளியிலிருந்து வரும் மற்றவர்கள் குரலைவிட நன்றாகக் கேட்கும். 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்குச் சூப்பான் கொடுத்து, ஒரு மாதிரிச் சப்பினால் அம்மா குரல், வேறு மாதிரிச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் என்று வைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் அம்மா குரல் வருகிற மாதிரி சப்பின. ருசியும் அப்படித்தான், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் ஜூஸ் குடித்த அம்மாக்களின் பிள்ளைகள் பின்னால் கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் சாப்பிட்டன என்று 2001இல் ஒரு ஆய்வு. (அப்படிப் பார்த்தால் என் மகள் கேன்டீன் தக்காளி சாதத்துக்கு அடிமையாக வேண்டும், பார்க்கலாம்.) ஆனால் இதற்கெல்லாம் பணம் எதற்கு? நான் போனில் பேசிக்கொண்டே இருந்தது போதும். கட்டுச்சோறு (எங்கள் பக்கத்து வளைகாப்பு) அன்று கை நிறையப் போட்ட கண்ணாடி வளையலின் சத்தம் போதும். ஹெட்போனுக்குத் தேவையே இல்லை, வயிற்றோடு ஒட்டி வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் அவளுக்கு அது தொந்தரவு. கணக்கு அட்டையைப் பற்றி நான் என்ன சொல்ல, அது என் முட்டாள்தனம்.

அந்த மூன்று மாத வகுப்பில் ஒருநாள்கூட யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பிள்ளை அசைவை எப்படிக் கவனிப்பது, குறைந்தால் எங்கே போவது.

29வது வாரத்தில் முதல் பயம் வந்தது. அன்று ஷிப்மெண்ட், காலை எட்டரை முதல் ஃபினிஷிங் செக்ஷனில் நின்றும் நடந்தும் இருந்தேன். சாயந்திரம் நாலு மணிக்கு டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் சுரீர் என்றது, காலையிலிருந்து பிள்ளை அசைந்ததாக ஞாபகமே இல்லை. அப்படியே பையைக்கூட எடுக்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஸ்கேன் ஸ்கிரீனில் பாப்பா கையை நீட்டி மடக்கிக்கொண்டு சௌகரியமாக இருந்தாள். அசைகிறாள், நஞ்சு முன்பக்கம் என்பதால் எனக்குத் தெரியவில்லை, தவிர நடந்துகொண்டே இருந்தால் தொட்டில் ஆட்டுகிற மாதிரி அவளும் தூங்கிவிடுவாள், வேலை மும்முரத்தில் நமக்கும் கவனம் இருக்காது என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். அவர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டியூட்டி டாக்டர் ஒருவர், சின்ன வயது, "இதுக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு ஓடி வந்தா எப்படிம்மா, கொஞ்சம் தைரியமா இருங்க" என்றார். பக்கத்து பெட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ரூ.2,800 பில்லைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகச் செலவு வைத்தது. இனிமேல் நிச்சயமாகத் தெரியாமல் இங்கே வரக் கூடாது என்று ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த ராத்திரியே வீட்டில் வைத்துத் துடிப்பு கேட்கிற டாப்ளர் மெஷின் ஆர்டர் செய்தேன், ரூ.3,200. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2014லேயே இதை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, எனக்கு அப்போது அது தெரியாது. ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அங்கே இங்கே நகர்த்தினால் குதிரை ஓடுகிற மாதிரி டக்கு டக்கு டக்கு என்று கேட்கும், சின்ன டிஸ்ப்ளேவில் 144, 150 என்று நம்பர் ஓடும். முதல் முறை கேட்டபோது ரெக்கார்டு செய்து அவருக்கு அனுப்பினேன், பஹ்ரைனில் ரூமில் இருந்த எல்லோரும் கேட்டார்களாம். அதற்குப் பிறகு ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை கேட்டால்தான் தூக்கம் வரும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

உருப்படியான காரியம் ஒன்றும் அதே வாரத்தில் நடந்தது, அதற்கு ஒரு பைசா செலவில்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற பிக்மி பதிவு எண்ணுக்காக நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருந்தேன், பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண் வேண்டும் என்பதால்தான் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அங்கே பதிவது. அங்கிருந்த நர்ஸ் அக்கா ஒரு நோட்டு போடச் சொன்னார். மூன்று வேளை சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து ஒரு மணி நேரம் அசைவை எண்ணு. ஒரு மணி நேரத்தில் மூன்றுகூட வரவில்லை என்றாலோ, பன்னிரண்டு மணி நேரத்தில் பத்துக்குக் கீழே என்றாலோ வந்துவிடு. விக்கலை எண்ணாதே, அது கடிகாரம் மாதிரி ஒரே சீராக வரும், உதை அப்படி வராது. கம்பெனி ஆர்டர் நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம், கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம்.

எழுத எழுத எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. பாப்பாவுக்கு நேரம் காலம் எல்லாம் இருந்தது! காலை நான் வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டியில் போகும்போது நிசப்தம். பதினொரு மணி டீக்குப் பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே இரண்டு மூன்று குத்து. மதியம் சுமார். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் படுத்ததும் ஆரம்பித்து பத்தரை வரை திருவிழா. அதற்கப்புறம் விக்கல் ஒரு பத்து நிமிஷம். குறிப்புக் கட்டத்தில் "9.40, சைக்கிள் மிதிக்கிறாள்" என்று எழுதி வைத்திருக்கிறேன் (பெண் என்று தெரிந்து எழுதவில்லை, எனக்கு ஒரு ஆசை). ராத்திரியில் நிறையப் பிள்ளைகள் அதிகம் ஆடுமாம், என்னுடையது மட்டும் அதிசயம் இல்லை.

இதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. ஏழாம் மாதம் வாக்கில் ஓய்வும் ஆட்டமும் மாறி மாறி வருவது தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். 36 வாரத்தை ஒட்டி அது நான்கு நிலைகளாகப் பிரிந்து நிற்கும் என்று அதே பிரெக்டல் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அசையாத ஆழ்ந்த தூக்கம், கண் உருளுகிற, அவ்வப்போது கை கால் ஆடுகிற தூக்கம், சும்மா முழித்திருப்பது, முழித்துக்கொண்டு ஆட்டம் போடுவது. பிறந்த பிறகும் இந்த நான்கையும் நாம் பார்க்கலாம். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். அரை மணி நேரம் அசையவில்லை என்றால் தூங்குகிறாள் என்று விட்டுவிடலாம், இரண்டு மணி நேரம் நீங்கள் கவனமாகப் படுத்திருந்தும் அசைவே இல்லை என்றால் தூக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. இந்தக் கணக்கு ஒன்றை அந்த 14,500 ரூபாய் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

34வது வாரத்தில் பிள்ளை வளர்ச்சி பார்க்கிற ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள், ரூ.1,500. சனிக்கிழமை போகலாம் என்று இருந்தேன், அன்று இன்ஸ்பெக்ஷன் வந்துவிட்டது. அடுத்த வாரம் போகலாம், அதுதான் தினமும் துடிப்பு கேட்கிறதே என்று தள்ளிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பணமும் ஒரு காரணம், அந்த மாதம் வகுப்புக் கடைசித் தவணை போயிருந்தது. இதை எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இப்படித்தான் தேவையில்லாததற்குக் கொடுத்துவிட்டுத் தேவையானதைத் தள்ளிப் போடுகிறோம்.

36 வாரம் மூன்று நாள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தேன், திருவிழா நடக்கவில்லை. லேசாக ஒரு புரளல், அதுவும் பத்து மணிக்கு மேல். நாள் முழுக்க அலைந்ததில் களைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், களைத்திருந்தது நான்தான். சனி காலை இட்லி சாப்பிட்டுப் படுத்து எண்ணினேன், ஒன்று. அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, போன் செய்தேன். "ஒண்ணும் பயப்படாத அம்மணி, ஒம்பதாம் மாசம் அப்படித்தான், உள்ள எடம் பத்தாதில்ல, பெறக்கப் போற புள்ள அடங்கித்தான் கெடக்கும்" என்றார். அவர் பெற்றது நான்கு. நான் யார் அவரை எதிர்த்துச் சொல்ல. டாப்ளரை எடுத்து வைத்தேன், 142. டக்கு டக்கு டக்கு. மனசு இறங்கிவிட்டது. மதியம் குளிர்ந்த ஜூஸ் குடித்தால் அசையும் என்று யாரோ சொன்னார்கள் என்று மாதுளை ஜூஸ் வாங்கிக் குடித்தேன், மதியக் கட்டத்தில் 2 என்று எழுதினேன், அதில் ஒன்று சந்தேகத்துக்குரியது, நானே வேண்டுமென்று சேர்த்துக்கொண்டேன். திரும்ப டாப்ளர், 139. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று எழும்போதும் அந்தச் சின்ன டாக்டரின் "இதுக்கெல்லாம்" காதில் கேட்கும், உட்கார்ந்துவிடுவேன். ராத்திரி ஒன்பது, பத்து, பதினொன்று. இரவுக் கட்டம் காலியாகவே இருந்தது. பதினொன்றே காலுக்குக் கீழே இறங்கி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். "காலைல இருந்தேவா? ஏன் புள்ள சொல்லல" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வீட்டுக்காரர் லுங்கியோடே ஆம்னி வேனை எடுத்தார்.

என்எஸ்டி என்று ஒரு பரிசோதனை, வயிற்றில் இரண்டு பெல்ட்டைக் கட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, அசைவு தெரிந்தால் அழுத்து என்பார்கள். காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். நல்லபடியாக இருக்கும் பிள்ளை அசையும்போது அதன் துடிப்பும் கூடவே ஏறி இறங்கும், 20 நிமிடத்தில் குறைந்தது இரண்டு முறையாவது, 15 துடிப்பாவது ஏறி 15 வினாடியாவது நிற்க வேண்டும் என்பது கணக்கு. என் காகிதத்தில் மலை மடு எதுவும் இல்லாமல் கோடு போய்க்கொண்டே இருந்தது. தூங்கலாம் என்று இன்னொரு 20 நிமிடம் ஓடவிட்டார்கள். பிறகு வயிற்றின் மேல் ஒரு பஸ்ஸரை வைத்து அழுத்தினார்கள், எனக்கே பல் கூசியது, முழித்திருந்தால் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். கோடு அப்படியே போனது. நான் பட்டனை ஒரு தடவைகூட அழுத்தவில்லை. அழுத்த ஒன்றும் வரவில்லை. கட்டை விரல் மட்டும் பட்டன் மேலேயே இருந்தது, வியர்த்து வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. ஸ்கேனில் பனிக்குட நீர் அளவு 4, ஐந்துக்குக் கீழே என்றால் குறைவு. பிள்ளை எடை வாரத்துக்குரிய எடையைவிடக் குறைவு. கொடியில் ரத்த ஓட்டம் சரியில்லை. அவருக்குப் போன் போட்டேன், ட்யூட்டியில் இருந்தார், எடுக்கவில்லை. கையெழுத்தை நானே போட்டேன். அதிகாலை இரண்டு நாற்பதுக்கு ஆபரேஷனில் எடுத்தார்கள், 2.1 கிலோ. அழுகைச் சத்தம் உடனே வரவில்லை, எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, அப்போது நான் எண்ணவில்லை.

ஆறு நாள் என்ஐசியு, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. மொத்த பில் ரூ.1,68,000. கம்பெனி இன்சூரன்ஸில் பிரசவத்துக்கு ஐம்பதாயிரம்தான் வரம்பு, மீதிக்கு அவர் அங்கே கடன் வாங்கினார், என் வளையல் இரண்டு இங்கே அடகுக்குப் போனது.

நாலாவது நாள் பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டேன், துடிப்பு நன்றாகத்தானே இருந்தது, எப்படி இப்படி? அவர் பொறுமையாகச் சொன்னது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. நஞ்சு வழியாக வருகிற ஆக்சிஜனும் ஊட்டமும் குறையக் குறைய, பிள்ளை முதலில் செலவைக் குறைக்கும். கை காலை ஆட்டுவது தவிர்க்கக்கூடிய செலவு, அதை நிறுத்தி மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கும். துடிப்பு கடைசிவரை ஓடும். நீ டாப்ளரில் கேட்டது அது ஓடுகிறதா என்பதை மட்டும்தான், துடிப்பு ஏறி இறங்குகிறதா என்பது அந்த நம்பரில் தெரியாது, சில சமயம் அம்மாவின் நாடியையே பிள்ளையுடையது என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஒன்பதாம் மாதத்தில் இடம் பத்தாமல் அசைவின் தினுசு மாறும், படபடவென்று உதைப்பது போய் முண்டுவதும் உருள்வதும் வரும், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது, 32 வாரத்துக்குப் பிறகு அது கிட்டத்தட்ட ஒரே அளவில் பிரசவம் வரை போக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டேன். அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வந்திருக்க வேண்டும் என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அப்படித் தணிந்த குரலில் சொன்னதுதான் தாங்கவில்லை.

எனவே என் அனுபவத்தில் சொல்கிறேன், டாக்டர் சொல்வதற்கு மேல் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 28 வாரத்திலிருந்து உங்கள் பிள்ளையின் நேரங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நோட்டோ போனோ எதிலாவது எழுதுங்கள். எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றில்லை, ஒரு பிள்ளை துறுதுறு, இன்னொன்று சாது, அதனால் நேற்றைய அவளோடு இன்றைய அவளை ஒப்பிடுங்கள், தோழியின் பிள்ளையோடு வேண்டாம். நோட்டைப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது, இரவுக் கட்டத்தில் நாற்பது நாளாக 15க்குக் குறைந்த எண்ணே இல்லை, வெள்ளிக்கிழமை மட்டும் 1. அந்த ஒன்றே எனக்குப் போதுமான சேதியாக இருந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வேலையை விட்டுவிட்டு இடப்பக்கம் படுத்து இரண்டு மணி நேரம் வேறு எதிலும் மனசை வைக்காமல் கவனியுங்கள், போனையும் தள்ளி வைத்துவிட்டு. அதற்குள் பத்து அசைவு வரவில்லை என்றால் அப்போதே கிளம்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள், பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்கள் கழகம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இதே இரண்டு மணி, பத்து அசைவுதான். ஜூஸ் குடித்து, ஐஸ் வாட்டர் குடித்து, வயிற்றைத் தட்டி எழுப்பிப் பார்த்து நேரத்தை ஓட்ட வேண்டாம். வழக்கத்தைவிடக் குறைவு என்று மனசுக்குப் பட்டால் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. துணைக்கு ஆள் இல்லை என்றால் 108 இருக்கிறது, 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அடித்தால் ராத்திரியிலும் பேசுவார்கள், இரண்டு எண்ணும் இலவசம்தான், எனக்கு அன்று ஞாபகமே வரவில்லை, போன் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று, போன தடவை ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தீர்கள் என்பதற்காக இந்தத் தடவை போகாமல் இருக்காதீர்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குங்கள், மூன்றாவது முறையும் போங்கள். அங்கே யாராவது "இதுக்கெல்லாம்" என்று சொன்னால், 29 வாரத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன், நீங்கள் அவர் முகத்தைப் பார்த்து "ஆமா, இதுக்குத்தான்" என்று சொல்லுங்கள். வளர்ச்சி பார்க்கும் ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள். மாமியார், அம்மா, பாட்டி சொல்வதில் ஆயிரம் நல்லது உண்டு, அத்தை வைத்துக் கொடுத்த பூண்டுக் குழம்பில்தான் எனக்குப் பால் ஊறியது, ஆனால் பிள்ளை அசைவு விஷயத்தில் மட்டும் யார் சமாதானமும் வேண்டாம். அத்தை இன்றுவரை அந்தச் சனிக்கிழமை பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. தோட்டத்தை ஆளிடம் விட்டுவிட்டு மூன்று மாதம் இங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

பாப்பா இப்போது 7.4 கிலோ. கழுத்து நிற்பது, குப்புறப் படுப்பது எல்லாம் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் காலைத் தூக்கிச் சைக்கிள் மிதிப்பாள், பத்தரைக்கு விக்கல் வரும், அது வரும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வரும்.

போன மாதம் கைச்செலவுக்கு ஆகட்டும் என்று டாப்ளரை விற்கப் போட்டேன், ரூ.1,500, நல்ல கண்டிஷன் என்று எழுதி. பல்லடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், ஆயிரத்து இருநூறுக்குத் தருவீர்களா அக்கா என்றாள். எத்தனையாவது மாதம் என்று கேட்டேன். எட்டாவது, வீட்டுக்காரர் லாரியில் போயிருக்கிறார், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, துடிப்பு கேட்டால் தைரியமாக இருக்கும் என்றாள். முக்கால் மணி நேரம் பேசினோம். மெஷினை அவளுக்குக் கொடுக்கவில்லை, நோட்டில் கோடு போடுவது எப்படி என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். விற்பனை விளம்பரத்தையும் எடுத்துவிட்டேன். அது இப்போது பீரோவின் மேல் கிடக்கிறது, அதிலிருந்த இரண்டு பேட்டரியில் ஒன்றைக் கழற்றி ஹால் கடிகாரத்துக்குப் போட்டிருக்கிறேன்.